பணக்காரப் பகுதியின் புள்ளிவிவரத்தைப் படிப்பது எப்படி? சிட்னியின் பேடிங்டனை வைத்து ஒரு விளக்கம்

வீட்டுத் தரகர்களின் இணையதளங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் நாலு வரி அறிமுகம் இருக்கும். நகர மையத்தை ஒட்டிய வசதியான பகுதி என்றால் அந்த நாலு வரியை இடத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம்: இளம் தொழில்வல்லுநர்கள், உயர்ந்த வருமானம், தெருவுக்குத் தெரு காபிக் கடை, கலைக்கூடங்கள், வார இறுதிச் சந்தை, எங்கேயும் நடந்தே போய்விடலாம். இதில் பொய் அதிகம் இல்லை. ஆனால் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் தப்பாகத்தான் போகும்.

ஒரு பகுதியின் சித்திரத்தில் இரண்டு பாகம் உண்டு. யார் வாழ்கிறார்கள் என்பது முதல் பாகம்: வயது, குடித்தன அளவு, படிப்பு, வேலை, வருமானம், சொந்த வீடா வாடகையா. இது எண்ணி எடுத்தது. எப்படி வாழ்கிறார்கள் என்பது இரண்டாவது. அதில் கொஞ்சம் எண்ணியது, மீதி ஊகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ஊகமும் எண்ணியது போலத் தோன்றிவிடுகிறது. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எந்த ஊரின் விவரத்தையும் படித்துவிடலாம். உதாரணத்துக்கு சிட்னியின் பேடிங்டனை எடுத்துக்கொள்கிறேன்.

பேடிங்டன் சிட்னி நகர மையத்துக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது. அஞ்சல் எண் 2021. மக்கள்தொகை 13 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மேடும் பள்ளமுமான தெருக்கள், அவற்றில் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மாடி வரிசை வீடுகள், மாடி முகப்பில் சரிகை போல வார்த்த இரும்புக் கிராதி. பகுதியின் ஒரு பாதி சிட்னி மாநகராட்சியிலும் மறு பாதி வுல்லாரா நகராட்சியிலும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டு விலை மிக அதிகமான உள்நகரப் பகுதிகளில் இதுவும் ஒன்று.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் 5 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2021ல் அது ஆகஸ்ட் 10 இரவு நடந்தது. வயது, பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி, மதம், படிப்பு, தொழில், வாரத்துக்கு எவ்வளவு வருமானம், வாடகை அல்லது கடன் தவணை எவ்வளவு, படுக்கையறை எத்தனை, கார் எத்தனை என்று கேட்பார்கள். இதைத் தொகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் ‘குவிக்ஸ்டாட்ஸ்’ என்ற பெயரில் ஒரு பக்கம் வெளியிடுகிறார்கள். காசு கிடையாது, யாரும் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்தில் மூன்று பத்திகள் இருக்கும்: பகுதி, மாநிலம், நாடு. படிக்க வேண்டியது குறுக்குவாட்டில். ‘இடைநிலை வயது 38’ (எல்லோரையும் வயது வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வயது) என்ற எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. பக்கத்தில் இன்னொரு எண் இருந்தால்தான் அது உயர்வா தாழ்வா என்று தெரியும். 2021ல் நாடு முழுமைக்கும் இடைநிலை வயது 38. ஒரு குடித்தனத்தில் சராசரியாக 2.5 பேர். தனியாக ஒருவர் வாழும் வீடுகள் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். குடித்தனத்தின் இடைநிலை வார வருமானம் 1,746 டாலர். 72 சதவீதம் தனி வீடுகள், 13 சதவீதம் வரிசை வீடுகள், 14 சதவீதம் அடுக்ககங்கள்.

பேடிங்டனை இதன் பக்கத்தில் வைத்தால் சாயல் உடனே தெரிந்துவிடும். குடித்தனம் சிறியது. தனியாக வாழ்பவர்கள் அதிகம், குழந்தைகள் குறைவு. பட்டதாரிகளும் மேலாளர், வழக்கறிஞர், மருத்துவர் போன்ற தொழிலில் உள்ளவர்களும் மிக அதிகம். வருமானம் நாட்டு அளவைவிட வெகு மேலே. மதம் இல்லை என்று எழுதியவர்கள் நாடு முழுக்கவே 39 சதவீதம், உள்நகரங்களில் அதைவிடக் கூடுதல். தனி வீடு என்பது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் வழக்கமான வீடு என்று நாம் நினைக்கும் முன்புல்வெளி, இரண்டு கார் நிறுத்தும் கொட்டகை, பின்கட்டில் மரம் எல்லாம் இங்கே கிட்டத்தட்டக் கிடையாது. அந்தக் கடைசி வரியை நான் முதல் வரியாகவே போடுவேன்.

வீடு முதலில், வாழ்க்கை அப்புறம்

பேடிங்டன் வீடுகளில் பெரும்பாலானவை 1870களிலிருந்து 1890களுக்குள் கட்டப்பட்டவை. மனையின் அகலம் பெரும்பாலும் 4, 5 மீட்டர்தான். உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் சுவரை ஒட்டி நடை, அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள், கடைசியில் சமையலறை, மேலே இரண்டு மூன்று படுக்கையறைகள். பக்கச் சுவர்கள் பொதுச் சுவர்கள் என்பதால் நடுவீட்டுக்கு ஜன்னல் வைக்க வழியில்லை. பின்னால் சின்ன முற்றம், அதற்கும் பின்னால் ஒரு குறுகிய சந்து. பாதாளச் சாக்கடை வராத காலத்தில் மலம் அள்ளும் வண்டி வந்து போனது அந்தச் சந்து வழியாகத்தான். இன்றைக்கு யாராவது காரை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டால் அதே சந்துப் பக்கம் முற்றத்தை இடித்துத்தான் இடம் பண்ண வேண்டும்.

இனி இந்த வீட்டுக்குள் யார் வருவார் என்று யோசியுங்கள். மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உள்ள குடும்பம் வராது, வந்தாலும் தங்காது. கணவன் மனைவி இருவர், தனி ஆள், ஒரு குழந்தையோடு நிற்பவர்கள், அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்ட வயதான தம்பதி ஆகியோருக்குத்தான் இது பொருந்தும். குடித்தன அளவு சிறியதாக இருப்பதற்கு நவநாகரிக மனோபாவம் காரணம் என்று எழுதுவார்கள். 4 மீட்டர் அகலமும் அதற்கு ஒரு காரணம் என்று யாரும் எழுதுவதில்லை.

காரும் அப்படித்தான். கார் கண்டுபிடிப்பதற்கு முன்பே போட்ட தெருக்கள். நிறுத்த இடமில்லை, நகராட்சி அனுமதி அட்டை வாங்கித் தெருவில் நிறுத்த வேண்டும். நகரமோ 3 கிலோமீட்டரில். ஆகவே நடக்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். முற்றம் சின்னது என்பதால் நாயைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறார்கள். பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட இடமில்லை என்பதால் வெளியே சந்திக்கிறார்கள். தரகர் ‘காபிக் கடைப் பண்பாடு’ என்று விற்பதில் ஒரு பங்கு, வீட்டில் கூடம் இல்லாததால் வந்தது. கூடத்தைத் தெருமுனைக்கு மாற்றிக்கொண்டார்கள், அதற்கான காசும் அவர்களிடம் இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. இதே வீடுகளில் நூறு ஆண்டுக்கு முன்னும் மக்கள் வாழ்ந்தார்கள், அப்போது பேடிங்டனின் மக்கள்தொகை 20 ஆயிரத்துக்கும் மேல். வீடு அதேதான், ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். வீட்டின் வடிவம் யாரை விலக்கும் என்பதைச் சொல்லும். யார் உள்ளே வருவார் என்பதை விலைதான் முடிவுசெய்யும்.

சேரி எப்படிச் செல்வப் பகுதி ஆனது

1840களில் இங்கே விக்டோரியா ராணுவக் குடியிருப்பு கட்டப்பட்டபோது அதன் பக்கத்தில் தொழிலாளர் குடிசைகளோடு தொடங்கிய ஊர் பேடிங்டன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனைகளைப் பிரித்து வரிசை வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் வசதி உள்ளவர்கள் ரயிலும் டிராமும் போன வழியே தோட்டம் வைத்த தனி வீடுகளுக்கு வெளியேறினார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. ஏறாத வாடகைக்கு யார் கூரையைப் பழுதுபார்ப்பார்கள்? வீட்டுக்காரர்கள் கைவிட்டார்கள். 1948ல் சிட்னிக்குத் தயாரான கம்பர்லாந்து கவுண்டித் திட்டம் இந்தப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டிய இடமாகவே பார்த்தது.

பக்கத்துப் பகுதியான சர்ரி ஹில்ஸில் அப்படி இடித்துக் கட்டவும் செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் எழுந்த நார்த்கோட் என்ற அரசு அடுக்ககம் இன்றும் அங்கே நிற்கிறது. பேடிங்டன் தப்பித்துக்கொண்டது. போருக்குப் பின் தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் மலிவாகக் கிடைத்த வீடுகளை வாங்கிக் குடியேறினார்கள். ஓவியர்களும் பல்கலைக்கழக ஆட்களும் வாடகை குறைவு என்று வந்தார்கள். 1964ல் பேடிங்டன் சங்கம் என்ற குடியிருப்போர் அமைப்பு தொடங்கி, சாலை விரிவாக்கத்தையும் இடிப்பையும் எதிர்த்துப் போராடியது. பழைய வீடுகள் காப்பாற்றப்பட்டன. காப்பாற்றப்பட்டதாலேயே விலை ஏறியது, வாடகைக்கு இருந்த ஏழைகள் வெளியே போனார்கள். இதைச் சொல்லும்போது எனக்குச் சங்கத்தின் மீது குறை இல்லை. ஆனால் பாரம்பரியப் பாதுகாப்பு யாருக்கும் எதுவும் இழப்பில்லாத காரியம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அதே 1964ல்தான் லண்டன் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் இந்த நிகழ்வுக்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்தார். லண்டனின் தொழிலாளர் பகுதிகளுக்குள் நடுத்தர வர்க்கம் ஒருவர் பின் ஒருவராக வந்து, பழைய சின்ன வீடுகளைச் செப்பனிட்டு, கடைசியில் பகுதியின் சமூக முகமே மாறிவிடுவதை அவர் கவனித்தார். ஏன் சில இடங்களில் மட்டும் இது நடக்கிறது என்பதற்கு 1979ல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். கட்டடம் பாழாகப் பாழாக அந்த மனையிலிருந்து இப்போது கிடைக்கும் வருமானம் குறைகிறது. நகரம் வளர வளர அதே மனையிலிருந்து கிடைக்கக்கூடிய வருமானம் கூடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி போதுமான அளவு அகலமானதும் பணம் உள்ளே பாய்கிறது. பேடிங்டனுக்கு இந்த விளக்கம் அச்சாகப் பொருந்துகிறது: மையத்துக்கு 3 கிலோமீட்டரில், ஒழுகும் கூரையோடு, மலிவாகக் கிடந்த மனைகள்.

அரசின் முடிவு இதை இருபுறமும் திருப்பும். 1970களில் ஜாக் மண்டி தலைமையிலான கட்டடத் தொழிலாளர் சங்கம் ‘பசுமைத் தடை’ போட்டு, அதாவது அந்த வேலையைச் செய்ய மறுத்து, சிட்னியின் இன்னொரு உள்நகரப் பகுதியான வுல்லுமுல்லுவில் இடிப்பை நிறுத்தியது; அதன் விளைவாக அங்கே அரசு வாடகை வீடுகள் நிலைத்தன. நகர மையத்தை ஒட்டிய மில்லர்ஸ் பாயிண்டில் நடந்தது தலைகீழ்: 2014ல் மாநில அரசு அங்கும் ஒட்டியுள்ள ராக்ஸ் பகுதியிலும் 293 அரசு வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. அதன் பிறகு எடுத்த கணக்கெடுப்பில் அங்கே வருமானம் ஏறியிருந்தால், அங்கிருந்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள் என்று படிக்கக் கூடாது. ஆட்கள் மாறினார்கள்.

வருமானம் என்ற வழுக்குப் பாறை

வருமான எண்ணை வாசிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் இடைநிலை. எல்லாக் குடித்தனங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடித்தனத்தின் வருமானம் அது. 9 வீடுகளில் எட்டுக்கு வாரம் 2,000 டாலர், ஒன்றுக்கு 20,000 என்று வையுங்கள். சராசரி 4,000 வரும். அந்தத் தெருவில் 4,000 வாங்கும் வீடு ஒன்றுகூட இல்லை. இடைநிலை 2,000தான். பணக்காரப் பகுதிகளில் இந்த ஒன்பதாவது வீடு கட்டாயம் இருக்கும் என்பதால் இடைநிலையையே நம்பலாம்.

சராசரி போட நினைத்தாலும் முடியாது என்பது இன்னொரு சங்கதி. கணக்கெடுப்புப் படிவத்தில் வருமானத்தை டாலர் கணக்கில் எழுதச் சொல்வதில்லை. வரம்புகள் கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். 2021ல் தனிநபருக்கான உச்ச வரம்பு ‘வாரம் 3,500 டாலரும் அதற்கு மேலும்’. ஆண்டுக்கு 1,82,000. நல்ல அனுபவமுள்ள மருத்துவரும், ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் வாங்கும் வங்கித் தலைவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். பணக்காரப் பகுதிக்கும் மிகப் பணக்காரப் பகுதிக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது.

அடுத்தது தலைக்கணக்கு. சிட்னியின் மேற்கே தமிழர்கள் நிறைய வாழும் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. வாரம் 3,000 டாலர் வருமானம். பேடிங்டனில் அதே 3,000 டாலரில் இரண்டு பேர் மட்டும். பட்டியலில் இரண்டு வீடும் ஒன்றுதான். இதைச் சரிசெய்யப் புள்ளியியலாளர்கள் ஒரு எளிய கணக்குப் போடுகிறார்கள்: முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 0.3. கூட்டி, வருமானத்தை அதால் வகுக்க வேண்டும். பேடிங்டன் தம்பதிக்கு 3,000ஐ 1.5ஆல் வகுத்தால் 2,000. டூங்காபிக் குடும்பத்துக்கு 2.6ஆல் வகுத்தால் சுமார் 1,150. வசதி பாதிக்குச் சற்று மேல். வருமானமும் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முந்தையது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்கிறது, சொத்தைக் கேட்பதில்லை. 1975ல் பேடிங்டனில் வீடு வாங்கி, கடன் அடைத்து, இன்று ஓய்வில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் வார வருமானம் நாட்டு இடைநிலைக்குக் கீழே இருக்கலாம். அவர் காலடியில் இருக்கும் மனையோ பல லட்சம் டாலர் பெறும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் 29 வயது வழக்கறிஞருக்கு வருமானம் அவரைவிடப் பல மடங்கு, சொத்து என்று பார்த்தால் ஒரு மடிக்கணினியும் படிப்புக் கடனும். இந்த இருவரில் யார் பணக்காரர்? அட்டவணை வழக்கறிஞரைக் கைகாட்டும்.

பேடிங்டன் போன்ற இடத்தில் ஒரே தெருவில் மூன்று நான்கு விதமான ஆட்கள் கலந்து கிடக்கிறார்கள்: பழைய உடைமையாளர்கள், சமீபத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர்கள், இரண்டு மூன்று ஆண்டு தங்கிப் போகும் வாடகைக்காரர்கள், ஆங்காங்கே எஞ்சியிருக்கும் அரசு வீட்டுக் குடும்பங்கள். நடுவில் ஒரு எண் சொன்னால் அது இவர்களில் யாரையும் குறிக்காது. இடைநிலை வயது நாட்டோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டு ‘சாதாரண வயதுக் கட்டமைப்பு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதுவாரி அட்டவணையைத் திறந்தால் 25 முதல் 39 வரை வீங்கியிருக்கும், 5 முதல் 14 வரை ஒட்டிப்போயிருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வயதுவாரி அட்டவணை, அப்புறம் வீட்டு உரிமை அட்டவணை. வருமானத்தைக் கடைசியில் பாருங்கள்.

மதிப்பெண் போட்டால் தீர்ந்துவிடுமா

இத்தனை எண்ணையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கும் முயற்சியும் உண்டு. புள்ளியியல் பணியகத்தின் ‘சீஃபா’ குறியீடுகள் நாட்டின் எல்லாப் பகுதிகளையும் 1,000ஐ நடுவாக வைத்து வரிசைப்படுத்துகின்றன. இது நான்கு குறியீடுகளின் தொகுப்பு: பின்தங்கிய நிலைக்கு ஒன்று, வசதியும் பின்தங்கலும் சேர்த்து ஒன்று, பொருளாதார வளத்துக்கு ஒன்று, கல்வி-தொழிலுக்கு ஒன்று. செய்திகளில் எது என்று சொல்லாமலே ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார்கள். உள்நகரப் பகுதிகளில் இந்த நாலும் ஒரே திசையில் போவதில்லை. கல்வி-தொழிலில் உச்சியில் நிற்கும் இடம் பொருளாதார வளத்தில் இறங்கி நிற்கும். அந்தக் குறியீடு சொந்த வீட்டையும் நாலு படுக்கையறை வீட்டையும் வளமாக எண்ணுகிறது, தனியாக வாழும் குடித்தனத்தை எதிர்ப்பக்கம் வைக்கிறது. அப்படியானால் வரிசை வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கும் மருத்துவர் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறார்.

எண்ணிலிருந்து மனிதர்களுக்குத் தாவும்போது

இனி வாழ்க்கைமுறைப் பாகம். 1889ல் சார்ல்ஸ் பூத் லண்டன் வறுமை வரைபடத்தை வெளியிட்டபோது தெருத்தெருவாக வண்ணம் பூசினார். மஞ்சள் என்றால் செல்வர்கள். கறுப்பு என்றால் ஆகக் கீழ்மட்டம், அதன் விளக்கத்திலேயே ‘பாதிக் குற்றவாளிகள்’ என்று எழுதியிருந்தார். வருமானத்தைக் கவனித்த அதே கையால் ஒழுக்கத்தையும் எழுதிவிட்டார். 1974ல் அமெரிக்காவில் ஜோனதன் ராபின் உருவாக்கிய ‘பிரிசம்’ அஞ்சல் எண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தது. எந்தக் கூட்டம் என்ன பத்திரிகை வாங்கும், எந்தக் கார் ஓட்டும் என்று விளம்பரதாரர்களுக்கு விற்றார்கள். இன்றைய ‘பகுதி அறிமுகங்கள்’ பலவும் இந்த வம்சம்தான்.

இதில் உபயோகம் இல்லாமல் இல்லை. கடை திறக்கிறவருக்கும் பஸ் தடம் போடுகிறவருக்கும் இது போதும். ஆனால் பகுதியைப் பற்றிய உண்மையை அங்கே வாழும் ஆளின் மீது ஏற்றும்போது கணக்கு தலைகீழாகவே போகலாம். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து 1950ல் டபிள்யூ. எஸ். ராபின்சன் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. அப்படியானால் குடியேறிகள் உள்ளூர்க்காரர்களைவிட நன்றாகப் படித்தவர்களா? ஆளாளாகப் பார்த்தால் விடை நேர் எதிர்: வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாதோர் விகிதம் கூடுதல். அவர்கள் போய்க் குடியேறிய மாநிலங்களில் உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

‘வெளிநாட்டில் பிறந்தோர்’ என்ற வரியையும் இதே ஜாக்கிரதையோடு படிக்க வேண்டும். 2021ல் நாடு முழுக்க 28 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பேடிங்டனிலும் அவர்கள் கணிசம், ஆனால் முன்வரிசையில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும். சதவீதத்தை மட்டும் பார்த்து ‘பன்முகப் பண்பாட்டுப் பகுதி’ என்று எழுதிவிட்டு, சிட்னியின் மேற்கே இந்தியர்கள் நிறைந்த ஹாரிஸ் பார்க்குக்கும் அதே சொல்லைப் போட்டால் சொல்லுக்கு அர்த்தமே போய்விடும். பக்கத்து வரியில் இருக்கும் ‘வீட்டில் பேசும் மொழி’யையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

கணக்கில் விழாதவர்களும் உண்டு. பேடிங்டன் வழியாகப் போகும் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில்தான், நகரப் பக்கம், 1978 ஜூன் 24 இரவு ஒருபாலின உறவுள்ளோரின் உரிமைக்கான சிட்னியின் முதல் மார்டி கிரா ஊர்வலம் நடந்தது. அவர்களின் வாழ்க்கை இந்த வட்டாரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 2021 படிவத்தில் பாலியல் சாய்வு பற்றிய கேள்வி இல்லை. ஒரே வீட்டில் இணையராக வாழ்வதாக எழுதியவர்கள் மட்டும் தெரிவார்கள். தனியாக வாழ்பவர், நண்பரோடு அறை பகிர்பவர் எல்லாம் வெறும் ‘தனிக் குடித்தனம்’, ‘குழுக் குடித்தனம்’.

எண்ணின் தேதியையும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 10 அன்று சிட்னி கொரோனா ஊரடங்கில் இருந்தது. ஜூன் கடைசியில் தொடங்கி அக்டோபர் 11 வரை நீண்ட ஊரடங்கு அது. அன்று நாடு முழுக்க வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். மேசை வேலைக்காரர்கள் நிறைந்த உள்நகரத்தில் பங்கு இன்னும் கூடுதல். அந்த ஆண்டின் ‘வேலைக்குப் போகும் வழி’ அட்டவணையை வைத்துக்கொண்டு பேடிங்டன்காரர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது வேடிக்கை. 2016 பக்கத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் 2021ன் மாணவர், வாடகை எண்களும் கொரோனாவால் நாட்டின் எல்லை மூடியிருந்த காலத்தவை.

சின்ன எண்களில் தடுமாற வேண்டாம். ஒரு வரியில் 3 பேர், 6 பேர் என்று இருந்தால், தனிநபர் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகப் பணியகமே அதை லேசாக அசைத்திருக்கும். அதனால் கூட்டுத்தொகையும் சில இடங்களில் ஒத்துவராது. அது பிழை இல்லை.

பழக விரும்புகிறவர்கள் பகுதி என்ற அளவோடு நிற்காமல் ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். பணியகம் ஒவ்வொரு பகுதியையும் ‘எஸ்ஏ1’ என்ற சிறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறது, ஒன்றில் சராசரியாக 400 பேர். பேடிங்டனில் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவை ஒட்டிய அடுக்ககங்கள் உள்ள ஒரு துண்டையும், சரிவில் வரிசை வீடுகள் மட்டுமே உள்ள ஒரு துண்டையும் எடுங்கள். முதலில் வாடகை வீதம், அடுத்து 0 முதல் 14 வயது, அப்புறம் கார் இல்லாத வீடுகள். மூன்று வரி போதும். வருமானத்தைப் பார்க்கும் முன் இரண்டு துண்டிலும் அது எப்படி இருக்கும் என்று ஊகித்து எழுதிவைத்துவிட்டு, பிறகு அந்த வரியைத் திறந்து பாருங்கள்.